என் மகனிடம் கையால் பேசக் கூடாது என்று அறிவிப்பு ஒட்டியவர்களுக்கு

எங்கள் ஊர்ப் பேச்சுப் பயிற்சி மையத்தின் நிர்வாகிகளுக்கும் பயிற்சியாளர்களுக்கும்,

போன மாதம் முதல் வாரத்தில், மையத்தின் வாசலில் செருப்பு விடுகிற இடத்துக்கு மேலே ஒரு தாளை ஒட்டினீர்கள். "பெற்றோர் கவனத்திற்கு: குழந்தையிடம் மையத்திலோ வீட்டிலோ சைகை பயன்படுத்தக் கூடாது. பயன்படுத்துவது தெரிந்தால் பயிற்சி நிறுத்தப்படும்." அன்று அங்கே காத்திருந்த அம்மாக்கள் எல்லோரும் அதைப் படித்தோம். யாரும் வாய் திறக்கவில்லை. உங்களைப் பகைத்துக்கொண்டால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போக எங்களுக்கு வேறு இடம் இல்லை. அடுத்த மையம் 90 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அன்று சாயங்காலம், காது கேட்காத என் மகன் கையை அசைத்து என்னிடம் ஏதோ கேட்டான். நான் பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஒரு நிமிஷம்கூட இருக்காது. அவன் சுற்றி வந்து என் முகவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினான். அதற்கு மேல் என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை.

நான் காக்ளியருக்கு, அதாவது ஆபரேஷன் செய்து காதுக்குள் பொருத்துகிற கருவிக்கு, எதிரி இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் கைக்காசு செலவில்லாமல் என் மகனுக்கு ஆபரேஷன் நடந்தது. அந்த நன்றி என்றும் இருக்கும். உங்கள் பயிற்சியாளர்கள் பொறுமைசாலிகள் என்பதும் எனக்குத் தெரியும். அவன் முதல் தடவை "அம்மா" என்றபோது என்னோடு சேர்ந்து அழுதவர் உங்கள் பயிற்சியாளர்தான். என் வழக்கு பயிற்சியோடு இல்லை. அந்தத் தாளில் இருக்கிற தடையோடுதான்.

அவனுக்குக் காது கேட்கவில்லை என்று எங்களுக்குத் தெரிந்தது ஒரு தீபாவளி அன்று. பக்கத்து வீட்டு வாசலில் சரவெடி வெடிக்கிறது. என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தவன் இமை அசைக்கவில்லை. அப்போது அவனுக்கு ஒரு வயது இரண்டு மாதம். காது கேட்கிறதா என்று பார்க்கிற பெரா டெஸ்ட் எடுத்து, காது மிஷின் மாட்டிப் பார்த்து, அது போதாது என்று முடிவாகி, ஆபரேஷன் முடிந்து, கருவியை ஸ்விட்ச் ஆன் செய்தபோது மூன்று வயது நெருங்கிவிட்டது. அந்த மூன்று வருடமும் நாங்கள் அவனிடம் பேசிக்கொண்டேதான் இருந்தோம். ஒன்றும் அவனுக்குப் போய்ச் சேரவில்லை. கையாலும் சொல்லவில்லை. "கை காட்டிப் பழக்கினால் பிள்ளை பேசவே மாட்டான்" என்று மையத்தில் சேர்த்த முதல் நாளே சொல்லிவிட்டீர்கள். நம்பினோம்.

அந்த மூன்று வருடத்தில் அவன் எதை இழந்தான் என்று எனக்கே ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது. புரிய வைத்தது ஒரு காக்கா.

எல்லார் வீட்டிலும் நடப்பதுதான். என் மாமியார் எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு பிஸ்கட் கொடுக்கும்போது, கடைசித் துண்டைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, "அச்சச்சோ, காக்கா தூக்கிட்டுப் போயிடுச்சே!" என்று வானத்தைக் காட்டுவார். என் தம்பி மகளுக்கு அப்போது ஒன்றரை வயது. முதலில் வானத்தைப் பார்ப்பாள். அப்புறம் பாட்டியின் முகத்தைப் பார்ப்பாள். பாட்டியின் வாயோரத்தில் ஒரு சிரிப்பு ஒளிந்திருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு, தவழ்ந்து போய் முதுகுக்குப் பின்னால் கையை விடுவாள். மூன்று வயது ஆனபோது அவளே என் கண்ணாடியை எடுத்துப் பாவாடைக்குள் வைத்துக்கொண்டு "காக்கா" என்றாள்.

இந்தச் சின்ன விளையாட்டுக்குள் குழந்தை எவ்வளவு கற்றுக்கொள்கிறது என்று பாருங்கள். பாட்டிக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாது. பாட்டி சொல்வது நடந்தது இல்லை. ஆனாலும் அது ஏமாற்று இல்லை, விளையாட்டு. எனக்குத் தெரிந்ததை அவளுக்குத் தெரியாமல் நானும் வைத்துக்கொள்ளலாம். அடுத்தவர் தலைக்குள் ஒரு தனி உலகம் இருக்கிறது என்பதை எங்கள் வீட்டுப் பிள்ளைகள் காக்காவிடம்தான் படிக்கிறார்கள்.

என் மகனுக்குக் காக்கா வந்ததே இல்லை. அவனுக்கு பிஸ்கட் மறைந்தது மட்டும் தெரிந்தது. பாட்டி ஏன் மேலே கையைத் தூக்குகிறாள், சுற்றி இருப்பவர்கள் ஏன் சிரிக்கிறார்கள் என்று சொல்ல யாரும் இல்லை. ஒவ்வொரு தடவையும் அழுதான். கடைசியில் பாட்டியும் அந்த விளையாட்டை விட்டுவிட்டார்.

அவனுக்கு நாலு வயது நாலு மாதம் இருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை. என் கணவர் மூக்குக் கண்ணாடியை டிவி மேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். தூசி தட்டிய மாமியார் அதை எடுத்து மேஜை டிராயரில் போட்டார். பிள்ளைகள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குளியலறைக் கதவு திறக்கிற சத்தம் கேட்டதும் நான், "அப்பா கண்ணாடியை எங்கே தேடுவார்?" என்று மெதுவாக, முகத்தைக் காட்டி, எல்லா நடிப்பும் சேர்த்துக் கேட்டேன். என் மகன் டிராயரைக் காட்டினான். அவனைவிடச் சின்னவள், தம்பி மகள், கையால் வாயைப் பொத்திக்கொண்டு, "இல்ல, மாமாவுக்குத் தெரியாதே, டிவி மேலதான் பாப்பாங்க" என்றாள். என் கணவர் டிவி மேல்தான் கையை வைத்துத் தடவினார். என் மகன் அவரை அதிசயமாகப் பார்த்தான். கண்ணாடி டிராயரில் இருக்கும்போது இவர் ஏன் அங்கே தேடுகிறார் என்று அவனுக்குப் புரியவே இல்லை.

கேள்வியே அவனுக்குச் சரியாக விளங்கவில்லையோ என்று என்னை நானே சமாதானப்படுத்திப் பார்த்தேன். ஆனால் அந்த அதிசயப் பார்வை மனதை விட்டுப் போகவில்லை. அன்று இரவிலிருந்துதான் படிக்க ஆரம்பித்தேன். ஆங்கிலக் கட்டுரைகளைத் தம்பி உட்கார்ந்து விளக்கினான். எங்கள் வீட்டில் தற்செயலாக நடந்ததை ஹைன்ஸ் விம்மர், யோசஃப் பெர்னர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1983இல் ஒரு சோதனையாகவே செய்திருக்கிறார்கள். மாக்ஸி என்ற பையன் சாக்லேட்டை ஓர் அலமாரியில் வைத்துவிட்டு வெளியே போகிறான். அவன் இல்லாதபோது அம்மா அதை வேறு அலமாரிக்கு மாற்றுகிறாள். திரும்பி வந்து மாக்ஸி எங்கே தேடுவான்? மூன்று வயதுப் பிள்ளைகள் பெரும்பாலும் சாக்லேட் இப்போது இருக்கிற இடத்தைக் காட்டுவார்கள். நாலு, ஐந்து வயதில் பலருக்கு விடை பிடிபட்டுவிடும்.

அடுத்தவர் மனதைப் புரிந்துகொள்வதற்கான அஸ்திவாரம் கைக்குழந்தையிலேயே விழுந்துவிடுகிறது. ஒரு வயதுக்குள் குழந்தை அம்மா பார்க்கிற திசையைத் தானும் பார்க்கிறது. விரலை நீட்டுகிறது, எடுத்துக் கொடு என்பதற்கு மட்டுமில்லை, "அதோ பார், நீயும் பார்" என்பதற்கும். 1997இல் ரெப்பசோலி, காப்னிக் இருவரும் ஒரு சோதனை செய்தார்கள். பெரியவர் ஒருவர் பிராக்கொலி என்ற காயைச் சாப்பிட்டு "ஆஹா" என்கிறார். குழந்தைக்குப் பிடித்த பிஸ்கட்டைச் சாப்பிட்டு முகம் சுளிக்கிறார். பிறகு கையை நீட்டி ஏதாவது கொடு என்கிறார். 14 மாதக் குழந்தைகள் தங்களுக்குப் பிடித்த பிஸ்கட்டையே கொடுத்தன. 18 மாதக் குழந்தைகள் பிராக்கொலியைக் கொடுத்தன. எனக்குப் பிடிக்காதது இவருக்குப் பிடிக்கிறது என்பது அந்த நாலு மாத இடைவெளியில் பிடிபட்டிருக்கிறது. 15 மாதத்திலேயே, ஒருவர் தவறாக நம்பிக்கொண்டிருப்பதையும் குழந்தை கண்டுகொள்கிறது என்று 2005இல் ஓனிஷி, பையர்ஷான் இருவரும் காட்டினார்கள். இந்த வகைச் சோதனைகள் சிலவற்றைத் திரும்பச் செய்தபோது அதே முடிவு வரவில்லை. அந்த விவாதம் இன்னும் முடியவில்லை.

ஆனால் நம் பிள்ளைகளைப் பற்றிச் செய்த ஆராய்ச்சிகளில் திரும்பத் திரும்ப ஒரே சேதிதான் வருகிறது. அதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும் என்று கேட்கிறேன். 1995இல் ஆஸ்திரேலியாவில் பீட்டர்சன், சீகல் இருவரும் 8 முதல் 13 வயது வரையுள்ள காதுகேளாப் பிள்ளைகளிடம் இதே மாதிரிக் கேள்வியைக் கேட்டார்கள். பாதிக்கும் மேற்பட்டவர்கள் தவறினார்கள். புத்தியில் குறையில்லாத பிள்ளைகள். காது கேட்கும் பெற்றோருக்குப் பிறந்து, சைகை மொழியைத் தாமதமாகக் கற்றவர்கள். பிறகு 2007இல் அமெரிக்காவில் ஷிக், டி வில்லியர்ஸ் குழுவினர் 176 காதுகேளாப் பிள்ளைகளைப் பார்த்தார்கள். காதுகேளாப் பெற்றோருக்குப் பிறந்து, தொட்டிலிலிருந்தே சைகை மொழி பார்த்து வளர்ந்தவர்கள், கேட்கும் பிள்ளைகளுக்குச் சமமாக நின்றார்கள். கேட்கும் பெற்றோரின் பிள்ளைகள், பேச்சு மட்டும் சொல்லித் தரும் பள்ளியில் படித்தாலும் சைகைப் பள்ளியில் படித்தாலும், பின்தங்கியிருந்தார்கள். ஆக, காது கேட்காததால் இந்தத் தாமதம் வரவில்லை. பேச ஆள் இல்லாமல் வளர்வதால் வருகிறது. ஸ்வீடனில் மெரிஸ்டோவும் மற்றவர்களும் 2012இல் இரண்டு வயதையொட்டிய குழந்தைகளிடமே இந்த வித்தியாசத்தைக் கண்டார்கள். அந்தக் குழந்தைகளுக்குக் கேள்வி எதுவும் கேட்கவில்லை. ஒரு கார்ட்டூனைக் காட்டிக் கண் எங்கே போகிறது என்று மட்டும் பார்த்தார்கள். என் மகன் ஸ்விட்ச் ஆனுக்காகக் காத்திருந்த வயது அது.

மத்திய அமெரிக்க நாடான நிகரகுவாவில் நடந்ததைப் படித்தபோது எனக்குத் தூக்கம் போனது. 1970களின் கடைசியில் தலைநகர் மனாகுவாவில் காதுகேளாதவர்களுக்கான பள்ளி வந்தது. அங்கே கூடிய பிள்ளைகள் தங்களுக்குள் தாங்களே ஒரு சைகை மொழியை உருவாக்கினார்கள். முதலில் வந்தவர்களின் மொழியில் 'நினைத்தான்', 'தெரியும்' போன்ற சொற்கள் அதிகம் இல்லை. பின்னால் வந்த சின்னவர்களிடம் அவை வளர்ந்திருந்தன. பையர்ஸ், செங்காஸ் இருவரும் சோதித்தபோது, முதல் தலைமுறையினர் இருபது வயது தாண்டியும் மாக்ஸி மாதிரிக் கேள்வியில் தடுமாறினார்கள், இளையவர்கள் தேறினார்கள். இரண்டு வருடம் கழித்துத் திரும்பப் பார்த்தபோது பெரியவர்களும் முன்னேறியிருந்தார்கள். இடையில் அவர்கள் சின்னவர்களோடு பழகி அந்தச் சொற்களைப் பிடித்திருந்தார்கள்.

இப்போது உங்கள் பயிற்சி நோட்டைத் திறந்து பாருங்கள். என் மகனுடைய நோட்டு இரண்டு வருடத்தில் நாலு ஆகிவிட்டது. பந்து, கார், வாழைப்பழம், சிவப்பு, பெரியது, மேலே, கீழே. இது என்ன? என்ன நிறம்? எத்தனை? நாலு நோட்டிலும் 'நினைக்கிறான்' இல்லை. 'மறந்துட்டா', 'ஏமாந்துட்டான்', 'தெரியாம செஞ்சுட்டான்', 'சும்மா சொன்னேன்' எதுவும் இல்லை. வீட்டில் நானும் அதே மாதிரி ஆகிவிட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். இங்கிலாந்திலும் ஸ்வீடனிலும் காதுகேளாக் குழந்தைகளின் பெற்றோரைக் கவனித்து, கேட்கும் குழந்தைகளின் பெற்றோரைவிட இவர்கள் மனதைப் பற்றிய சொற்களைக் குறைவாகவே பேசுகிறார்கள் என்று 2014இல் எழுதியிருக்கிறார்கள். என்னைப் பார்த்து எழுதினது போல இருந்தது. சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால்கூட "இது என்ன? சொல்லு, சாதம்" என்றுதான் நான் அவனிடம் பேசினேன். தம்பி மகளுக்கோ நாள் முழுக்க இதெல்லாம் காதில் விழுகிறது. "அத்தை வர்றாங்களாம்", "அவன் நீ அடிப்பேன்னு பயந்துட்டான்", "அப்பா வந்துட்டாருன்னு நெனச்சேன்". 'வர்றாங்களாம்' என்பதில் இருக்கிற அந்த 'ஆம்' ஒன்றே போதும், வேறு யாரோ சொன்னது அதற்குள் இருக்கிறது என்று தெரிந்துவிட. அவளுக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. தானாக விழுந்தது.

உங்கள் பயிற்சியில் இன்னொன்றும் என்னை உறுத்துகிறது. குழந்தை விரல் நீட்டினால் கண்டுகொள்ளாதீர்கள் என்கிறீர்கள். உதட்டைப் பார்த்துவிடக் கூடாது என்று பயிற்சியாளர் அட்டையால் வாயை மறைக்கிறார். காதைப் பழக்குவதற்காகச் செய்கிறீர்கள் என்று புரிகிறது. ஆனால் 1970களில் எட்வர்ட் டிரோனிக் செய்த சோதனையை நினைத்துப் பாருங்கள். சிரித்து விளையாடிக்கொண்டிருந்த அம்மா சில நிமிடம் முகத்தைச் சலனமில்லாமல் வைத்துக்கொள்கிறாள். கைக்குழந்தை சிரித்துப் பார்க்கிறது, கையை நீட்டிப் பார்க்கிறது, கடைசியில் சோர்ந்து பார்வையை விலக்கிக்கொள்கிறது. என் மகன் உங்கள் அறையில் அப்படிப் பார்வையை விலக்கிக்கொண்டதைக் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நான் பலமுறை பார்த்திருக்கிறேன். உங்கள் குறிப்பேட்டில் அன்று "ஒத்துழைப்பு இல்லை" என்று எழுதியிருப்பீர்கள்.

எங்கள் தெருமுனையில் தையல்கடை வைத்திருக்கிற அக்காவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. சைகை மொழியில்தான் பேசுவார். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அவர் கடைக்குப் போக ஆரம்பித்தேன். உங்களிடம் சொல்லவில்லை. அவன் கற்றான், நானும் கற்றேன். அக்கா அவனுக்குப் பொருள்களின் பெயரைச் சொல்லித் தரவே இல்லை. ஊர்க்கதை சொன்னார். போன வாரம் ஜாக்கெட் தைக்கக் கொடுத்த அம்மா, துணியைப் பேருந்தில் விட்டுவிட்டு இங்கே கொடுத்ததாக நினைத்துச் சண்டைக்கு வந்த கதை. நெற்றியோரத்தில் விரலை வைத்து 'நினைத்தாள்' என்று காட்டும்போது முகமே அந்த அம்மாவாக மாறிவிடும். என் மகன் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பான்.

ஆறு மாதம் ஆனது. ஒருநாள் அக்கா திரும்பி நூல்கண்டு எடுக்கிற நேரத்தில் அவன் மேஜை மேலிருந்த இஞ்ச் டேப்பை எடுத்து வெட்டுத்துணிக் குவியலுக்குள் சொருகினான். அவர் திரும்பி டேப்பைத் தேடினார். மேஜை மேல் தடவினார், கழுத்தில் கை வைத்துப் பார்த்தார். என் மகன் துணிக்குவியல் பக்கம் திரும்பவே இல்லை. அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான், உதட்டை இறுக்கிக்கொண்டு. அவர் அவனைப் பார்த்து 'எங்கே?' என்று கேட்டதும், மெதுவாக இரண்டு கையையும் விரித்து, மேலே பறக்கவிட்டான். காக்கா. அவனுக்கு வரவே வராத காக்கா. பாட்டி கையைத் தூக்கிக் காட்டியது எதற்கு என்று எப்போதோ யோசித்துத் தானே கண்டுபிடித்திருக்கிறான் போல. அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். நான் கடைக்கு வெளியே போய் நின்றுகொண்டேன்.

அந்த ஆறு மாதத்தில் அவன் பேச்சு குறையவில்லை. உங்கள் நோட்டுக் கணக்குப்படியே அவன் சொல்கிற சொற்கள் 60இலிருந்து 140 ஆகியிருக்கின்றன. சைகையால்தான் கூடியது என்று நான் சொல்ல வரவில்லை. சைகை கெடுக்கவில்லை என்று மட்டும் சொல்கிறேன்.

நான் கேட்டபோது 2017இல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வைக் காட்டினீர்கள். கீர்ஸ் குழுவினருடையது. சைகை இல்லாமல் வளர்ந்த காக்ளியர் பிள்ளைகளுக்குப் பேச்சு நன்றாக வந்தது என்கிறது. படித்தேன். அந்த ஆய்வில் சைகை என்று சேர்த்திருப்பதில் முழுமையான சைகை மொழியும் இருக்கிறது, பேச்சுக்கு நடுவே காட்டுகிற நாலைந்து கைச்சாடைகளும் இருக்கின்றன. இரண்டையும் பிரித்துப் பார்க்கவில்லை என்று வேறு ஆராய்ச்சியாளர்கள் மறுத்து எழுதியிருக்கிறார்கள். காதுகேளாப் பெற்றோரிடம் சைகை மொழியோடு வளர்ந்த காக்ளியர் பிள்ளைகள் ஆங்கிலப் பேச்சில் பின்தங்கவில்லை என்று 2014இல் டேவிட்சனும் மற்றவர்களும் காட்டியிருக்கிறார்கள். சின்ன ஆய்வுதான், பிள்ளைகளும் சிலபேர்தான். சரி, கேள்வி இன்னும் திறந்தே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். திறந்திருக்கிற கேள்விக்கு எந்த ஆதாரத்தில் பயிற்சியை நிறுத்துவோம் என்று மிரட்டுகிறீர்கள்?

இன்னொரு நடைமுறை விஷயம். மார்ச் மாதம் அவனுடைய காக்ளியரின் வெளிப்பக்க மிஷினான பிராசஸரின் கேபிள் அறுந்து, புதிது வர 23 நாள் ஆனது. அந்த 23 நாளும் எங்கள் வீட்டில் பேச்சு நிற்கவில்லை. ஏன் மிஷின் இல்லை, எப்போது வரும், யார் கொண்டு வருவார்கள் என்று அவன் கேட்டான், நான் சொன்னேன். குளிக்கும்போதும் தூங்கும்போதும் மிஷினைக் கழற்றத்தான் வேண்டும். காய்ச்சலில் நடுராத்திரி விழித்து அழுகிற பிள்ளையிடம் எங்கே வலிக்கிறது என்று கேட்க எனக்குக் கை வேண்டும்.

சட்டமும் உங்கள் பக்கம் இல்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், தகவல் தொடர்பு என்பதற்குள் சைகையையும் சேர்த்தே சொல்கிறது. கல்வியில் சைகை மொழிப் பயன்பாட்டை ஊக்குவிக்கச் சொல்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைக்காக இந்தியா 2007இல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. உடன்படிக்கையும் சைகை மொழி கற்க வழி செய்ய வேண்டும் என்கிறது. 1880இல் மிலான் நகரில் கூடிய கல்வியாளர்கள் வகுப்பறையிலிருந்து சைகையை விரட்டத் தீர்மானம் போட்டார்கள். அதே மாநாட்டின் வழிவந்தவர்கள் 2010இல் வான்கூவரில் கூடி அந்தத் தீர்மானங்களை நிராகரித்து வருத்தம் தெரிவித்துவிட்டார்கள். உங்கள் தாளைப் படித்தபோது மிலான்தான் நினைவுக்கு வந்தது.

நான் கேட்பதைச் சொல்லிவிடுகிறேன். அந்த அறிவிப்பை இந்த மாதத்துக்குள் எடுத்துவிடுங்கள். சைகை பேசியதற்காக எந்தக் குழந்தையின் பயிற்சியும் நிற்காது என்று அதே இடத்தில் எழுதி ஒட்டுங்கள். பயந்துகொண்டிருக்கிற மற்ற அம்மாக்கள் படிக்க வேண்டும்.

பெரா டெஸ்ட் முடிவோடு கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிற பெற்றோரிடம், ஆபரேஷன் வரை சும்மா காத்திருங்கள் என்று சொல்லாதீர்கள். அந்த மாதங்கள் திரும்ப வராது. இந்திய சைகை மொழி என்று ஒன்று இருக்கிறது, டெல்லியிலுள்ள இந்திய சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் 10,000 சொற்களோடு அகராதி போட்டிருக்கிறது என்று முதல் நாளே சொல்லுங்கள். பேச்சும் சைகையும் இரண்டையும் முன்னால் வையுங்கள். முடிவைக் குடும்பத்திடம் விடுங்கள்.

காதுகேளாத பெரியவர் ஒருவரை வாரம் இரண்டு நாள் சம்பளம் கொடுத்து அழைத்து வாருங்கள். பிள்ளைகளோடு உட்கார்ந்து கதை பேசட்டும், எங்களுக்கும் சொல்லித் தரட்டும். தையல்கடை அக்காவிடம் கேட்டேன், வரத் தயார் என்கிறார். பயிற்சி நோட்டில் சொற்களின் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் ஒரு கட்டம் போடுங்கள்: இந்த வாரம் குழந்தை யாரையாவது ஏமாற்றி விளையாடியதா, பொய்யாக நடித்ததா, ஏன் என்று கேட்டதா. விரல் நீட்டுகிற குழந்தையிடமிருந்து முகத்தைத் திருப்புவதை இன்றோடு நிறுத்துங்கள்.

இதற்கான பதிலை எழுத்தில் தாருங்கள். அடுத்த புதன்கிழமை காலை 10 மணிக்கு என் மகனின் முறை. அவனோடு நானும் அக்காவும் வருகிறோம். பயிற்சி முடிந்ததும் எங்களுக்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மையத்துக்கு வரும் ஓர் அம்மா